மூன்றாவது செமஸ்டர்

"அவனுக்குக் கிடைச்சிரும் மேடம். எனக்குத்தான் கிடைக்காது."

தென்னரசு நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொன்னது இது.

"யாருக்கு?" என்றாள் நஸ்ரின்.

"கிருபாகரனுக்கு."

"அவர் எங்கிட்ட வர்றதில்லையே சார்."

"அவன் யாருகிட்டயும் போக வேண்டியதில்லைங்க."

கோயம்புத்தூர் கணபதியில், ஒரு டயர் கடைக்கு மேலே, நஸ்ரினின் வீட்டு முன்னறை. ஒரு மேசை. இரண்டு நாற்காலி. ஒரு பென்சில்.

பெரிய மேலாண்மைக் கல்லூரி ஒன்றில் விண்ணப்பங்களைப் படித்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தவள் அவள். வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியதும், விண்ணப்பிக்கிறவர்கள் தேடி வர ஆரம்பித்தார்கள். வயது இருபத்தொன்பது. வருகிற ஆண்களை எல்லாம் சார் என்பாள்.

தென்னரசுவுக்கு முப்பத்து மூன்று. பம்பு தயாரிக்கும் கம்பெனியில், உருக்கிய இரும்பை மணல் அச்சில் ஊற்றும் வார்ப்படப் பிரிவில் துணை மேலாளர். அதே பிரிவில், அதே பதவியில், அடுத்த மேசையில் கிருபாகரன்.

இருவரும் ஒரே கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்கான ஒரு வருடப் படிப்பு. போகிறவர்களுக்கு விடுப்புத் தருவதாகக் கம்பெனி சொல்லியிருந்தது. இந்த வருடம் மட்டும்.

"உங்க மார்க்கைச் சொல்லுங்க சார்."

"அவனுக்கு எட்டு செமஸ்டரும் ஒன்பதுக்கு மேலங்க."

"உங்க மார்க்."

"முதல் வருஷம் எட்டரை. மூணாவது செமஸ்டர்ல அஞ்சு பேப்பர் அரியர். நாலாவதுல ஏழு. கடைசி நாலும் எட்டே முக்காலுக்குக் குறையலை."

"நுழைவுத் தேர்வுல?"

"அவனைவிடப் பத்து கம்மி."

நஸ்ரின் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

"அவருக்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது சார். அதனால உங்களுக்கு எவ்வளவுன்னும் இப்ப தெரியலை."

தென்னரசு தன் எண்ணைச் சொன்னான். பிறகு, கேட்காமலே, மற்றதையும் சொன்னான்.

"அவனுக்கு மார்க் வந்த அன்னிக்கு ஆபீஸ்ல கேக் வெட்டினாங்க. நான் ரெண்டு துண்டு சாப்பிட்டேன்."

"கேக் பிடிக்குமா?"

"பிடிக்காதுங்க. யாரும் சந்தேகப்பட்டுரக் கூடாதுன்னு சாப்பிட்டேன்."

நஸ்ரின் சிரிக்கவில்லை.

"அவன் லீவு போட்ட நாள்ல எனக்கு நல்லாப் பசிக்குது மேடம்."

"கட்டுரையைக் கொடுங்க," என்றாள்.

.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் மதிப்பெண்களில் ஏற்ற இறக்கம் இருந்தால் விளக்குக. முந்நூறு வார்த்தைக்கு மிகாமல்.

விரும்பினால் மட்டும் பதில் எழுதலாம் என்று போட்டிருந்தது. ஐந்து அரியர் வைத்தவனுக்கு அதில் விருப்பம் என்று ஒன்றும் இல்லை.

தென்னரசு பதினொரு தடவை எழுதியிருந்தான். பதினொன்றாவதைக் கொண்டு வந்திருந்தான்.

நஸ்ரின் பென்சிலோடு படித்தாள். ஒரு வரியை அடித்தாள். அடுத்ததை அடித்தாள். அதற்கடுத்து மூன்றைச் சேர்த்து அடித்தாள்.

திருப்பிக் கொடுத்தபோது இருபத்தாறு வரியில் நான்கு மிஞ்சியிருந்தது.

"ஏனுங்க மேடம்?"

"மீதி எல்லாம் அவரோட கட்டுரை சார். உங்களோடது நாலு வரிதான்."

அடிபட்ட வரிகளை அவன் படித்துப் பார்த்தான். 'மதிப்பெண் மட்டுமே ஒருவரைத் தலைவராக்கிவிடாது.' 'சிலருக்கு எல்லாம் தட்டில் வைத்துக் கொடுக்கப்படுகிறது.' 'சறுக்காதவர்களுக்கு எழுந்திருக்கத் தெரியாது.'

"நான் அவன் பேரையே எழுதலையே."

"பேர் எழுதலைன்னா ஆள் வரலைன்னு அர்த்தமா?"

தென்னரசு நான்கு வரியோடு படியிறங்கினான்.

.

அந்த நான்கு வரி அவனுடைய அப்பாவைப் பற்றியது. மூன்றாவது செமஸ்டரில் அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. பெருந்துறை ஆஸ்பத்திரியில் இருபது நாள். மகன் கூடவே இருந்தான். பரீட்சை போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆதாரத்தையும் எடுத்து வந்தான். ஆஸ்பத்திரிச் சீட்டு, பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல்.

நஸ்ரின் சீட்டை ஒரு பக்கம் வைத்தாள். மதிப்பெண் பட்டியலை இன்னொரு பக்கம் வைத்தாள். இரண்டையும் அவன் பக்கமாகத் திருப்பினாள்.

"அப்பா ஆஸ்பத்திரியில சேர்ந்தது பிப்ரவரி சார். மூணாவது செமஸ்டர் பரீட்சை அதுக்கு முந்தின நவம்பர்."

தென்னரசு சீட்டில் இருந்த தேதியைப் பார்த்தான்.

"பிப்ரவரி நாலாவது செமஸ்டர்ல வருது. அதுல நீங்க ஏழு வாங்கியிருக்கீங்க."

"எல்லாரும் இப்படித்தானுங்களே எழுதறாங்க."

"ஆமா. எல்லாரும்."

"அப்பா பொய்யில்லைங்க மேடம். நெசமாவே படுத்திருந்தார்."

"அப்பா நெசந்தான் சார். அவரை எதுக்கு மூணு மாசம் முன்னாடியே படுக்க வைக்கறீங்க?"

நான்கு வரியும் போயிற்று.

"அப்ப என்ன எழுதறது?"

"என்ன நடந்துச்சோ அதை."

தென்னரசு ஆஸ்பத்திரிச் சீட்டை உறைக்குள் போட்டான். அது சுலபத்தில் உள்ளே போகவில்லை.

.

செவ்வாய்க்கிழமை, கம்பெனியில், கிருபாகரன் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டு அவன் மேசைக்கு வந்தான்.

"டேய் தென்னு, கூட வேலை செய்யறவன் ஒருத்தன் லெட்டர் குடுக்கணும்ல. உம்பேரைப் போட்டுட்டேன். காலேஜ்ல இருந்து மெயில் வந்திருக்கும் பாரு."

"எம்பேரையா?"

"பின்ன எவன் பேரை? உன்னை விட்டா எனக்கு யாருடா இருக்கா? திட்டி எழுதறதுன்னாலும் நல்ல இங்கிலீஷ்ல திட்டு."

"சரி."

"நீ யாரைப் போட்டே?"

"பர்சேஸ் தங்கராசை."

"தங்கராசா! அவனுக்கு உன் இனிஷியலே தெரியாதேடா!"

கிருபாகரன் சிரித்துக்கொண்டே உருண்டு போனான். தென்னரசுவும் சிரித்தான். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தான்.

.

"கிருபாகரன் சாருக்கு லெட்டர் எழுதிட்டீங்களா?" என்றாள் நஸ்ரின்.

"இன்னும் நாள் இருக்குங்க."

"எழுதுவீங்களா?"

"ஒரே பிரிவுல இருந்து ரெண்டு பேரை எடுப்பாங்களா மேடம்?"

அவள் வேறொன்று கேட்டாள்.

"கிருபாகரன் சார் எத்தனை மணிக்கு டீ குடிப்பார்?"

"பத்தே காலுங்க. ரெண்டாவது ஷிஃப்ட்டா இருந்தா மூணரைக்கு. சர்க்கரை கம்மியா. நின்னுட்டேதான் குடிப்பான், ஒரு கை பேன்ட் பாக்கெட்ல இருக்கும்."

"நீங்க?"

"நானுங்களா? நானும் குடிப்பனுங்க."

"எத்தனை மணிக்கு?"

கீழே டயர் கடையில் யாரோ காற்று அடித்தார்கள். அடித்து முடித்தார்கள். வண்டி கிளம்பிப் போயிற்று.

தென்னரசு இன்னும் யோசித்துக்கொண்டிருந்தான்.

"சரி, போயிட்டு வாங்க," என்றாள் நஸ்ரின்.

.

மேலதிகாரி ஒருவரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். தென்னரசு ஜி.எம். சௌந்தரபாண்டியனிடம் போய் நின்றான்.

"எனக்கு எங்கப்பா நேரம்? காலேஜ்ல இருந்து வர்ற லிங்க்கை உனக்கே அனுப்பி விட்டர்றேன். உன்னைப் பத்தி நீயே நல்லா எழுதி, எம்பேர்ல போட்டுரு."

எல்லா ஜி.எம்.களும் சொல்வதுதான். கேட்டவர்கள் சந்தோஷமாகத் திரும்பி வருவதுதான்.

தென்னரசு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தான்.

முதல் நாள் 'கடின உழைப்பாளி' என்று எழுதினான். தங்கராசுவுக்கும் அது பொருந்தும் என்று தோன்றியது. அழித்தான்.

இரண்டாம் நாள் 'சிறந்த தலைமைப் பண்பு' என்று எழுதினான். யாருக்கும் பொருந்தவில்லை. அழித்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கிருந்தோ வந்தது. ஒரு சம்பவம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. விரல் ஓடியது. ஒன்றரைப் பக்கம், நிறுத்தாமல்.

படித்துப் பார்த்தான். தன்னைப் பற்றி இவ்வளவு நல்லதாக அவன் எதையும் படித்ததே இல்லை.

.

வியாழக்கிழமை கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். தென்னரசு அரை நாள் லீவு போட்டு மூன்று மணிக்கு நஸ்ரினிடம் வந்தான்.

கடிதத்தை நீட்டினான்.

நஸ்ரின் பென்சிலோடு ஆரம்பித்தாள். பாதியில் பென்சிலை மேசையில் வைத்தாள். முடித்துவிட்டு, முதலிலிருந்து மறுபடியும் படித்தாள். ஒரு வரியும் அடிபடவில்லை.

"எப்படிங்க மேடம்?"

"இப்படி ஒரு லெட்டரை நான் படிச்சதில்லை சார்."

ஆறு வாரத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

அவள் வாய்விட்டுப் படித்தாள்.

"'வார்ப்புகளில் துளை விழுந்து பாதி திரும்பி வந்தபோது எல்லோரும் உலையைக் குறை சொன்னார்கள். இவர் மூன்று நாள் மணல் கலக்கும் இடத்தில் பேசாமல் நின்றார். நான்காம் நாள் ஒரு பிடி மணலை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்தார். முதல் ஷிஃப்ட்டில் மட்டும் ஈரம் கூடுதலாக இருந்தது.'"

"ஆமாங்க."

"'கூட்டத்தில் தன் தவறை முதலில் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு மற்றவர்களால் மறைக்க முடியாது.'"

"ஆமாங்க."

"'சப்ளையரிடம் முடியாது என்று சொல்வதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். எதிரில் இருப்பவருக்கு அப்போதே தெரிந்துவிடும்.'"

நஸ்ரின் நிமிர்ந்தாள்.

"சார், நீங்க கண்ணாடி போடறதில்லையே."

தென்னரசுவின் கை மூக்கின்மேல் போனது. அங்கே ஒன்றுமில்லை.

கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தான்.

"மணல்கிட்ட நின்னது?" என்றாள்.

"அவன்."

"கூட்டத்துல?"

"அவன்தானுங்க."

"இதுல உங்களோடது எது?"

அவன் கடிதத்தை வாங்கினான். முன்பக்கம் தேடினான். பின்பக்கம் தேடினான்.

"எழுதினது நானுங்க," என்றான்.

"அது தெரியுது. ரெண்டு வருஷமாவது கண்ணை எடுக்காம ஒருத்தரைப் பாத்தாத்தான் இப்படி எழுத வரும்."

"ஆறு வருஷம்," என்றான் தென்னரசு.

.

மடிக்கணினியில் இரண்டு லிங்க்குகளும் திறந்திருந்தன. ஒன்று, ஜி.எம். பெயரில் தென்னரசுவுக்கு. மற்றொன்று, தென்னரசு பெயரில் கிருபாகரனுக்கு. இரண்டிலும் கடிதத்துக்கான கட்டம் வெள்ளையாக இருந்தது.

"கண்ணாடி வரியை மட்டும் எடுத்துட்டா யாருக்கும் தெரியாதுங்க."

"தெரியாது."

"ஜி.எம். படிச்சுக்கூடப் பாக்க மாட்டார்."

"மாட்டார்."

"இதை அவனுக்குப் போட்டா அவன் உள்ளே போயிருவான்."

"போயிருவார்."

"அவனுக்கு வேற ஏதாவது நாலு வரி எழுதிக் குடுத்துரலாங்க. கடின உழைப்பாளி, நல்ல மனுஷன்னு. பொய்யில்லையே."

"பொய்யில்லை."

எதற்காவது அவள் மறுத்திருந்தால் அவன் சண்டை போட்டிருப்பான். அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"ஒரே பிரிவுல ரெண்டு பேரை எடுக்க மாட்டாங்கதானே?"

"பெரும்பாலும் எடுக்கறதில்லை."

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

"தொழுதுட்டு வந்துடறேன் சார்," என்று நஸ்ரின் பின்னறைக்குப் போனாள்.

தென்னரசு தனியாக இருந்தான்.

கடிதத்தை முதல் கட்டத்தில் ஒட்டினான். தன் பெயரோடு படித்தான். நன்றாக இருந்தது. கண்ணாடி வரிக்கு வந்ததும் அதை அழிக்க விரலைக் கொண்டுபோனான். அந்த ஒரு வரியில்தான் கிருபாகரன் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பான். எத்தனை கூட்டத்தில் தென்னரசு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறான். எத்தனை தடவை வீட்டில், மூக்குக்கண்ணாடியே இல்லாமல், அப்படிப் பார்க்கப் பழகியிருக்கிறான்.

நஸ்ரின் திரும்பி வந்தபோது அவன் கை மேசையில் இல்லை. மடியில் இருந்தது.

"போட்டுட்டனுங்க."

"எதுல?"

"கண்ணாடி வரியை எடுக்கலை."

நஸ்ரின் தலையை மட்டும் அசைத்தாள். மணி நான்கு.

.

ஜி.எம். பெயரில் இருந்த கட்டம் மறுபடி வெள்ளையாகியிருந்தது. தென்னரசு போனை எடுத்து ஜி.எம்.மைக் கூப்பிட்டான்.

"சார், லிங்க்கைத் திருப்பி அனுப்பறேன். நீங்களே எழுதிருங்க."

"ஏம்ப்பா, உன்னைத்தான் எழுதிக்கச் சொன்னனே?"

"என்னைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியலைங்க சார்."

அந்தப் பக்கம் சௌந்தரபாண்டியன் குரலைத் தணித்தார்.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"நல்லா இருக்கறனுங்க சார். நாலு வரி போதும். அஞ்சு மணிக்குள்ள."

"மீட்டிங்ல இருக்கறம்ப்பா."

"மீட்டிங்ல நீங்க பேசறதில்லைங்களே சார்."

நஸ்ரின் முதல் தடவையாகச் சிரித்தாள். போனிலும் யாரோ சிரித்த சத்தம் கேட்டது.

"வை போனை," என்றார் சௌந்தரபாண்டியன்.

நான்கரைக்குச் செய்தி வந்தது. அனுப்பியாச்சு. அவ்வளவுதான். என்ன எழுதினார் என்று தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. பரிந்துரைப்பவர் எழுதியதை விண்ணப்பிக்கிறவருக்குக் காட்ட மாட்டார்கள்.

மிச்சம் இருந்தது கட்டுரை மட்டும்.

"மூணாவது செமஸ்டர்ல என்ன சார் ஆச்சு?" என்றாள் நஸ்ரின்.

தென்னரசு மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஹாஸ்டல்ல எங்க ரூம்ல லியோன்னு ஒருத்தன். முதல் வருஷம் அவன் முதல். நான் ரெண்டாவது."

"சரி."

"அவன் கிரிக்கெட் ஆடிட்டு வந்து ஒரு மணி நேரம் படிப்பான். நான் விழுந்து விழுந்து படிப்பேன். அப்படியும் ரெண்டாவது. மூணாவது செமஸ்டர்ல நான் புத்தகத்தைத் திறக்கவே இல்லைங்க."

"ஏன்?"

"படிக்காமத் தோத்தா, படிக்கலை, அதான் தோத்தேன்னு சொல்லிக்கலாம். படிச்சுத் தோத்தா என்ன சொல்றது?"

நஸ்ரின் மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளினாள்.

தென்னரசு எழுத ஆரம்பித்தான். மெதுவாக வந்தது. ஒரு வரி. இன்னொரு வரி. மூன்றாவது வரியின் முடிவில் நின்றான்.

"மேடம்."

"ம்."

"இப்ப ரெண்டு பேரையும் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் படிக்கற அந்த மேசையில இன்னும் நீங்களே இருந்தா, யாரை எடுப்பீங்க?"

"கிருபாகரனை."

அவள் யோசிக்கவில்லை. குரலைத் தணிக்கவும் இல்லை.

தென்னரசுவின் காது மடல் சிவந்தது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மணி நாலு நாற்பது.

"இன்னும் எத்தனை வார்த்தை எழுதலாம்?" என்றான்.

"இருநூத்தி அறுபது."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான்.